கோத்தகிரி ஏற்றமும் டர்போ காரின் ஏர்ஃப்ளோ சென்சாரும்

என்னுடைய 1.6 லிட்டர் பெட்ரோல் காரில், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் டர்போவைப் பொருத்திய பிறகு, இன்ஜினுக்குள் போகும் காற்றை எந்தச் சென்சாரால் அளப்பது, அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யவே எனக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. நான் கோத்தகிரியில் குடியிருந்துகொண்டு மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குச் சென்று வருபவன். ஏறத்தாழ 1,450 மீட்டர் உயர வேறுபாட்டை அன்றாடம் கடக்கும் வண்டி இது.

டியூனிங் செய்து தந்த அண்ணன் முதலில் மேப் சென்சாரைச் சொன்னார். மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாயின்) அழுத்தம், காற்றின் வெப்பநிலை, இன்ஜின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு காற்றைக் கணக்கிடும் அந்த முறையில், குழாயின் குறுக்கே எதையும் வைக்க வேண்டியதில்லை. ஆனால் மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது புகைக்குழாய்ப் பக்கத்து எதிரழுத்தமும் குறைவதால், மேனிஃபோல்டில் அதே அழுத்தம் இருந்தாலும் சிலிண்டருக்குள் சற்றுக் கூடுதலான காற்று நுழைகிறது. அதைத் திருத்தும் வசதி என் ஈசியுவில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், இல்லை. சூடான கம்பியின் வழியே காற்றின் நிறையையே அளக்கும் மாஃப் சென்சாரை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

முதலில் அதை ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் வைத்தோம். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கறுப்புப் புகை வந்து வண்டி நின்றுவிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் அழுத்தத்தை வெளியேற்றும் ப்ளோ ஆஃப் வால்வு, சென்சார் ஏற்கெனவே அளந்துவிட்ட காற்றை வெளியே திறந்துவிட, ஈசியு அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டிருந்தது. வால்வின் காற்றை டர்போவின் முகப்புக்கே திருப்பிவிட்டதும் இது நின்றது. ஆனால் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) சென்சார் காட்டும் அளவு அலைபாய்வது நிற்கவில்லை. சென்சாருக்குச் சற்று முன்னால் இருந்த செங்கோண வளைவில் காற்று சுழன்று, கம்பியின் மீது சீராகப் படாமல் போனதே அதற்குக் காரணம். அங்கே நேர்க்குழாய்க்கு இடமும் இல்லை.

ஆகவே சென்சாரை டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள குழாய்க்கு மாற்றினோம். அதற்கு முன்னால் 20 சென்டிமீட்டர், பின்னால் 10 சென்டிமீட்டர் நேர்க்குழாய் கிடைத்தது. வால்வு சென்சாருக்கு முன்னதாகவே அமைந்ததால், அது விடும் காற்று கணக்கில் சேர்வதே இல்லை. டர்போ தரும் பூஸ்ட் அழுத்தத்தைத் தாங்க, சென்சார் பொருந்தும் பிளாஸ்டிக் கூட்டுக்குப் பதிலாக அலுமினியக் குழாயில் வெல்டிங் செய்த கூட்டைப் பயன்படுத்தினோம். டர்போவிலிருந்து கசியும் எண்ணெய் குழாயின் அடிப்பகுதியில் தேங்கும் என்பதால், சென்சாரை மேலிருந்து செருகினோம்.

கூட்டின் விட்டத்தில்தான் நான் ஏமாந்துபோகவிருந்தேன். 60 மில்லிமீட்டர் கூட்டில் சென்சாரின் வெளியீடு கோத்தகிரியில் முழு பூஸ்ட்டிலும் 4.5 வோல்ட்டைத் தாண்டவில்லை. அதே வண்டியில் அது மேட்டுப்பாளையத்தின் அடர்ந்த காற்றில் 4.9 வோல்ட்டில் முட்டி நின்றது. அதற்கு மேல் எவ்வளவு காற்று போனாலும் ஈசியுவுக்குத் தெரியாது; பெட்ரோல் குறைந்து பிஸ்டன் உருகும் அபாயம் உண்டு. மலையில் மட்டும் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. 70 மில்லிமீட்டருக்கு மாறியதும் குறுக்குப் பரப்பு 1.36 மடங்கானது, அதற்கேற்ப ஈசியுவின் அளவு அட்டவணையை, புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் லாம்டா மீட்டரைப் பார்த்துப் பார்த்து, மலையிலும் சமவெளியிலும் திருத்தினோம். இப்போது இரண்டு இடங்களிலும் ஃபியூயல் ட்ரிம் (ஈசியு தானாகப் பெட்ரோலில் செய்யும் திருத்தம்) 4 சதவீதத்துக்குள் நிற்கிறது.