பறிமுதல் வண்டிக்குள் கொசுப்புழு: ஒரு சுகாதார ஆய்வாளரின் அனுபவம்

வீட்டில் கொசுப்புழு இருந்தால் நோட்டீஸ் கொடுக்கலாம். அதே புழு அரசு வளாகத்தில் இருந்தால்? நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது ஒரு மழைக்காலம் முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டினேன்.

ஒரு தெருவைச் சுற்றி அடுத்தடுத்து டெங்கு. பணியாளர்கள் வீடு வீடாகப் போய் தொட்டி, டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு வரை பார்த்து அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றிவிட்டு வந்தார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. அப்படியென்றால் பக்கத்திலேயே எங்கோ உற்பத்தியாகிறது. தேடிப் போனால், காவல் நிலையத்தின் பின்புறம் பறிமுதல் வண்டிகள் குவிந்து கிடக்கின்றன. டயர், ஹெட்லைட் கூடு, ஆட்டோவின் அடித்தகடு என்று எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர், அதில் நெளியும் புழு.

ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் போட்டோவைக் காட்டினேன். எல்லாத் துறையினரும் தலையாட்டினார்கள். 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. யார், எந்தத் தேதிக்குள் என்பது மட்டும் ஏறவில்லை.

நேரில் போனபோது இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், இதெல்லாம் கேஸ் ப்ராப்பர்ட்டி. ஒரு போல்ட் குறைஞ்சாலும் கோர்ட்ல நான்தான் பதில் சொல்லணும்." அவர் பயம் நியாயமானது. தண்ணீர் வடிய ஓட்டை போடலாம் என்ற என் யோசனை அங்கேயே செத்தது. தார்ப்பாய் போட்டு மூடலாம் என்றார் எங்கள் பொறியியல் பிரிவில் ஒருவர். தார்ப்பாய் மடிப்பிலும் தண்ணீர் நிற்குமே!

வழி காட்டியவர் நிலைய ரைட்டர், அதாவது பதிவேடுகளை எழுதும் காவலர். டீ குடித்துக்கொண்டே விளக்கினார். வழக்கு முடிந்தும் ஆள் வராத வண்டி, உரிமையாளரே தெரியாத வண்டி, வழக்கு நடக்கும் வண்டி என்று மூன்று வகையாம். முதல் இரண்டையும் நீதிமன்ற உத்தரவு வாங்கி ஏலம் விடலாம். பறிமுதல் வண்டிகளை நிலையத்தில் நெடுநாள் வைத்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆக, சட்டம் தடையில்லை. துருவைத் தேய்த்து, வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் படித்துப் பட்டியல் எழுத ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆள் எங்களிடம் இருந்தது. நகராட்சி ஆணையரிடம் பேசி, எங்கள் பணியாளர்களை ஒரு காவலரின் முன்னிலையில் அந்த வேலைக்கு விட்டோம். இப்போது எங்கள் அலுவலகத்திலிருந்தே ஆட்சேபணை: கொசு ஒழிப்பு ஆட்களுக்குக் காவல் நிலையத்தில் என்ன வேலை, தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது? 'கொசு உற்பத்தி இடம் கண்டறிதல்' என்று பதிவேட்டில் எழுதினோம். பொய்யில்லை, எண் பார்க்க வண்டியைச் சாய்த்தபோதெல்லாம் தண்ணீரும் கொட்டியதே.

அப்புறம் மோட்டார் வாகன ஆய்வாளரின் மதிப்பீடு, நீதிமன்றத்தில் மனு என்று மெதுவாக நகர்ந்து ஒரு பகுதி ஏலம் போனது. கழன்று கிடந்த டயர்கள் கூரைக்கு அடியில் போயின. வழக்கு நடக்கும் வண்டிகளுக்கு வாரம் ஒருமுறை மருந்து. காய்ச்சலும் குறைந்தது. மழையும் அப்போது நின்றிருந்ததால், எங்களால்தான் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஏடிஸ் முட்டை காய்ந்த டயரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால் கோடையிலேயே தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கு ஆள் கேட்டபோது, "மழை வரட்டும், பார்க்கலாம்" என்றார்கள். சொன்னது காவல் துறை இல்லை, எங்கள் அலுவலகம்.