கலன் திறக்கும் வரை

மார்ச் 3
ஈர மரத்தை உலர்த்தாமல், அழுத்தத்தில் கொதிக்கும் நீரிலேயே கரியாக்கும் முயற்சி. மரத்தூளும் நீரும் வினையைத் தூண்டச் சிறிதளவு சிட்ரிக் அமிலமும் கலனுக்குள் அடைபட்டிருக்கின்றன. வெப்பநிலை 200 டிகிரி. அழுத்தமானியின் முள் 15 பாரை ஒட்டி நிற்கிறது.

மார்ச் 4
உறக்கமில்லை. 200 டிகிரியில் நீரின் கன அளவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். மேலே இடம் விடாமல் நிரப்பிய கலனில் அழுத்தம் நீராவி தரும் அளவோடு நிற்காது. போதுமான இடம் விட்டிருக்கிறேன் என்று பகலில் ஒப்புக்கொள்ளும் மனம், இரவில் மறுபடியும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது.

மார்ச் 5
இன்னும் ஆறவில்லை. திறக்கக் கூடாது.

மார்ச் 6
திறந்தேன். கரி கறுக்கவில்லை, அடர்பழுப்பாக இருக்கிறது. விரலில் எளிதாகப் பொடிகிறது. வடிநீரில் கருகிய சர்க்கரையின் வாடை.

மார்ச் 7
அந்த நீரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மரத்தின் மூன்று முக்கியக் கூறுகளில் ஹெமிசெல்லுலோஸ் 180 டிகிரியிலேயே சர்க்கரைகளாகச் சிதைகிறது. செல்லுலோஸ் 220 டிகிரியை நெருங்கினால்தான் நன்றாக அசைந்து கொடுக்கும். லிக்னினோ அதற்கும் பிடிவாதம். சர்க்கரைகள் நீரை இழந்து, ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுரால் போன்ற சேர்மங்களாகி, அவை ஒன்றோடொன்று பிணைந்து கரியாகின்றன. பிணையாத கார்பன் நீரில் தங்கிவிடுகிறது. அசிட்டிக் அமிலத்தையும் ஃபார்மிக் அமிலத்தையும் மரமே ஈன்று தருமானால், வினையூக்கியாக நான் சேர்த்த சிட்ரிக் அமிலத்துக்கு இதில் என்ன பங்கு?

மார்ச் 9
ஜெர்மன் வேதியியலாளர் பெர்கியுஸ் இந்த வினையை 1913-இலேயே விவரித்துவிட்டார். உயரழுத்த வேதியியலுக்காக 1931-இல் கார்ல் போஷுடன் நோபல் பரிசும் பெற்றார். ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் வேதியியலாளர் அன்டோனியெட்டியின் குழு சிட்ரிக் அமிலத்தோடு இதற்கு மறுவாழ்வு தந்தது 2006-ஐ ஒட்டித்தான். இடையில் இத்தனை காலம் இது கிடப்பில் கிடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஈர மரத்தை உலர்த்தாமலேயே கரியாக்கும் வழி வேறு எத்தனை இருக்கிறது?

மார்ச் 10
கரி எரியும்போது தரும் வெப்பத்தை அளக்கும் கலோரிமானியின் முடிவு வரவில்லை. உலர்ந்த மரமே கிலோவுக்கு 19 மெகாஜூல் அளவில் தரும். கரி 24-ஐத் தொட வேண்டும்.

மார்ச் 12
21.

மார்ச் 13
பாதி மரம், பாதி கரி. வெப்பம் போதவில்லை என்றே தீர்மானிக்கிறேன். அமிலத்தைக் கூட்டுவது வீண்.

மார்ச் 14
220 டிகிரி, 23 பார். இம்முறை சிட்ரிக் அமிலம் இல்லை. புது நீருக்குப் பதிலாகப் பழைய வடிநீரையே ஊற்றியிருக்கிறேன். அதிலுள்ள அமிலம் வினையைத் தூண்டினால் போதும், கரைந்து கிடக்கும் கார்பனும் கரியோடு சேர்ந்தால் எடை கூடும். நாளை மாலைக்குள் ஆறிவிடும்.