நாலு ஊசி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று

மார்ச் 4, நைட் டியூட்டி

பத்தரைக்கு ஒரு பெண்ணை மாமியார் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். தலைப்பிரசவம், 31 வாரம்தான், வலி விட்டு விட்டு வருகிறது. ஸ்கேன் தாளில் வாரக்கணக்கைச் சரிபார்த்தோம்; காய்ச்சல் இல்லை, பனிக்குடமும் உடையவில்லை. வலியைத் தள்ளிப்போட டாக்டர் நிஃபெடிபின் எழுதினார், கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. 2 மில்லி வயலில் 8 மில்லிகிராம் இருக்கும், வேண்டியது 6, அதனால் ஒன்றரை மில்லி மட்டும் சிரிஞ்சில் ஏற்றி, விரலால் சுண்டிக் குமிழியை வெளியேற்றி, 10.50-க்குத் தசையில் போட்டேன்.

"வலி நிக்கிற ஊசியா சிஸ்டர்?"

"இல்லம்மா, இது உங்க பேரப்பிள்ளைக்கு. மூச்சு விட நுரையீரலைத் தயார் பண்ணும்."

மார்ச் 5, மதியம்

தூக்கம் வரவில்லை. ரெண்டாவது டோஸ் போட்டாச்சு என்று பகல் டியூட்டி அக்கா போனில் சொன்ன பிறகுதான் நிம்மதி. போன வருஷம் ஒரு தாயை, "பெரிய ஆஸ்பத்திரியில போட்டுக்குவாங்க" என்று முதல் ஊசிகூடப் போடாமல் ஓர் இடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். வழியிலேயே இரண்டரை மணி நேரம் போய்விட்டது, வந்ததும் பிரசவம். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் குழந்தையின் நெஞ்சு உள்ளே ஒடுங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அனுப்பும் முன் முதல் டோஸை ஏஎன்எம்மே (கிராம சுகாதார நர்ஸே) போடலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. போட்டுவிட்டு அனுப்புங்கள், தயவுசெய்து.

மார்ச் 5, இரவு

மூன்றாவது டோஸ் போட்டாயிற்று. வலி அடங்கியிருக்கிறது, அவளும் தூங்குகிறாள்.

இதெல்லாம் தொடங்கியது நியூசிலாந்தில், செம்மறி ஆடுகளிடம். ஸ்டீராய்டு கொடுத்த ஆடு குறைமாதத்தில் ஈன்ற குட்டி, பிழைக்க வாய்ப்பே இல்லாத குட்டி, மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை ஆக்லாந்தில் லிக்கின்ஸ் என்ற டாக்டர் பார்த்தார். அவரும் ஹோவி என்ற டாக்டரும் 282 தாய்மாரிடம் பீட்டாமெத்தசோன் என்ற இதே வகை ஸ்டீராய்டைச் சோதித்து 1972-இல் எழுதினார்கள். ஆனால் 2015-இல் வெளியான, ஆறு நாடுகளில் ஊர்ப்புறங்களில் பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குழந்தை இறப்பு கூடியது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது ஆகுமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அதனால் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், ஸ்கேனில் வாரக்கணக்கு உறுதியான 2,852 தாய்மாரை வைத்து மறுபடி சோதித்தது. டெக்ஸா போட்டவர்களின் குழந்தைகளில் 19.6 சதவீதம் இறந்தன, போடாதவர்களின் குழந்தைகளில் 23.5. நூற்றுக்கு நாலு குழந்தை கூடுதலாகப் பிழைத்திருக்கிறது! மருந்தோடு வாரக்கணக்கும் நல்ல வார்டும் சேர்ந்தால்தான் பலன், அதனால்தான் ஸ்கேன் தாளை அப்படித் துருவிப் பார்க்கிறோம்.

மார்ச் 7, காலை

நாலாவது டோஸ் நேற்றுக் காலையே முடிந்தது. இன்று விடிகாலை 4.20-க்குப் பெண் குழந்தை, 1,480 கிராம், பூனைக்குட்டி மாதிரி மெலிசாக அழுதாள். மூச்சுக்கு உதவ, மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று செலுத்தும் சிபேப் வைத்திருக்கிறார்கள். டியூட்டி முடிந்தும் கிளம்பாமல் கண்ணாடி வழியாக அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒடுங்கவில்லை, சீராக ஏறி இறங்குகிறது.