பளு தூக்கினால் இடுப்பு பெருக்குமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத்து ஜிம்களில் பெண்கள் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. ஸ்குவாட் (பளுவோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்வது) கனமாகச் செய்தால் வயிற்றின் பக்கத் தசையும் முதுகெலும்பை ஒட்டிய தசையும் ஓரளவு தடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் இடுப்புச் சுற்றளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கொழுப்புதான். பளு கூடினால் பசியும் கூடலாம். பயிற்சி முடிந்த கையோடு முழு பன்னி சௌ (உள்ளே குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய ரொட்டி) உள்ளே போனால் பார்பெல்லை, அதாவது பளுக்கம்பியை, பழிக்காதீர்கள்!

கனமான டம்பெல்லோடு பக்கவாட்டில் சாய்வதை மட்டும் விடுங்கள். பக்கத் தசையை நேரடியாக வளர்ப்பது அதுதான். பதிலுக்கு லாட் புல்டவுன் (மேலிருக்கும் கம்பியை மார்புவரை இழுப்பது), தோள் பிரஸ் (பளுவைத் தலைக்கு மேல் தள்ளுவது): 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை. தோளும் மேல்முதுகும் விரிந்தால் அதே இடுப்பு சிறுத்துத் தெரியும்.

அளப்பதைக் காலையில், வெறும் வயிற்றில், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பு விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் செய்யுங்கள். பயிற்சியின்போது இடுப்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட் இடுப்பைக் குறைக்காது.