நனைத்த வர்க்கிக்கு வயிறு நிரம்பாது

எடை குறைக்கிற ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோரும் முதல் வருஷத்துக் கதையைத்தான் சொல்கிறோம். பழைய பேண்ட்டுக்குள் ஒரு காலை விட்டு போட்டோ எடுத்துப் போடுகிறோம், நானும் போட்டேன். மூன்றாவது வருஷம் என்ன ஆனது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம். நான் மாற்றப்போவதில்லை.

தொழில் பிக்கப் வண்டி, சொந்த வண்டி. கேத்தி பாலாடாவில் கேரட்டைக் கழுவி மூட்டை பிடித்ததும் ஏற்றிக்கொண்டு, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினால்தான் விடிகாலைக்குள் இறக்கிவிட்டு விலை பார்க்க முடியும். அப்படி ஒருநாள் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு நொடி கண் அசந்துவிட்டேன். வண்டி சுவரை உரசி நின்றது, கேரட் மூட்டை இரண்டு உருண்டு ஓடியது, அவ்வளவுதான் சேதம். ஆனால் அப்போது நான் 126 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். சர்க்கரை இருந்தது. கோயம்புத்தூரில் காட்டியபோது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, ராத்திரியில் சரியாகத் தூங்காததால்தான் வண்டியில் கண் சொருகுகிறது, எடை குறைந்தாக வேண்டும் என்றார்கள். டயட் எல்லாம் ஏற்கெனவே மூன்று தடவை இருந்து பார்த்தாயிற்று. மனைவியின் நகையில் பாதி அடகுக்குப் போனது, மீதிக்குக் கடன் வாங்கி, ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன்.

ஆபரேஷனைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை, நான் மயக்கத்தில் இருந்தேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை விட்டுவைப்பார்கள். ஆரம்பத்தில் அது 100, 150 மில்லி பிடித்தால் அதிகம், நம்ம டீக்கடை கண்ணாடி கிளாஸ் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பசியைக் கிளப்பிவிடுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்த அந்த மேல் பகுதியில்தானாம், அதனால் பசியும் போய்விடும். முதலில் தெளிந்த நீராகாரம், அப்புறம் கெட்டி நீராகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையானது என்று ஒன்றரை இரண்டு மாதத்தில் திட உணவுக்கு வந்தேன். நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, அது பெரும்பாலும் திரும்ப வந்துவிடும், பயப்படாதீர்கள். பதினாலு மாதத்தில் 88 கிலோ. சர்க்கரை மாத்திரை நின்றது, குறட்டை நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இனிமேல் டாக்டரிடம் போவானேன் என்று ஃபாலோ அப் போவதையும் நிறுத்தினேன், கொஞ்ச நாளில் வைட்டமின் மாத்திரைகளையும்.

அதற்கடுத்த ஒன்றரை வருஷத்தில் 13 கிலோ ஏறியது.

ஏறியது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். ஊரில் ஸ்வெட்டர், மப்ளர், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு எடை மெஷினில் ஏறுகிறோம், அதில் மூன்று கிலோ போகும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். கடைசியில் கண்டுபிடித்தது என் மனைவி. ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்ததும், "ஏங்க, மறுபடியும் லாரி ஓட ஆரம்பிச்சிருச்சு" என்றாள். எங்கள் வீட்டில் லாரி என்றால் குறட்டை. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒன்பதாவது வளைவு ஞாபகம் வந்தது, அடகில் இருக்கிற வளையலும் ஞாபகம் வந்தது.

உடனே டாக்டரிடம் போனேனா? இல்லை. வெட்கம். இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காமல் இப்போது எந்த முகத்தோடு போவது? மொபைலில் ஒரு வீடியோ பார்த்தேன். ஐந்து நாள் வெறும் நீராகாரத்தில் இருந்தால் விரிந்த இரைப்பை பழையபடி சுருங்கிவிடும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். சூப்பும் மோருமாக மூன்று நாள் இருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி காட்டேரி ஊரைத் தாண்டும்போதே தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது, குன்னூரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேறு டிரைவரைக் கூப்பிட்டு லோடை அனுப்பினேன். அன்றைக்கு விடிவதற்குள் ஆறு பரோட்டாவை சால்னாவில் ஊறவைத்துத் தின்று தீர்த்தேன். ஆபரேஷன் ஆன வயிறு ஆறு பரோட்டா வாங்குமா என்று கேட்காதீர்கள், ஊறினால் வாங்கும். அங்கேதான் விஷயமே இருக்கிறது, வருகிறேன்.

கடைசியில் போனேன். டாக்டர் திட்டவில்லை, அதுவே பாதி பாரம் குறைந்த மாதிரி இருந்தது. டயட்டீஷியன் சின்னப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது மூத்திருக்கலாம். நான் போனதுமே, "சாப்பாடு எல்லாம் கம்மிதாங்க, ஒரு கரண்டி சோறுக்கு மேல இறங்கறதில்ல" என்று ஆரம்பித்தேன். உண்மையும் அதுதான். அவர் மறுக்கவில்லை. "சரிங்கண்ணா, ஒரு வாரம் வாயில போறது எல்லாத்தையும் மணி போட்டு எழுதிட்டு வாங்க, தண்ணி உட்பட" என்றார்.

டிரிப் ஷீட் நோட்டிலேயே எழுதினேன். லோடு, டீசல், டோல் எழுதுகிற அதே நோட்டு. 12.30 பாலாடா, டீ, வர்க்கி இரண்டு. 1.40 குன்னூர், டீ, வர்க்கி இரண்டு. 3.00 பர்லியார், டீ, பன். 4.30 மண்டி, டீ, ரஸ்க் மூன்று. இப்படியே போய், மத்தியானம் வீட்டில் ஒரு கரண்டி சோறு, இரண்டு துண்டு கோழி, போதும் என்று எழுந்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி டீ. எழுதின பக்கத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அது ஒன்றே 300 கலோரிக்கு மேல் என்று அவர் அங்கேயே கூட்டிக் காட்டினார். வர்க்கி கணக்கு அது இல்லாமல்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், வர்க்கி என்பது மைதா, சர்க்கரை, வனஸ்பதி போட்டு மடித்து மடித்து விறகு அடுப்பில் சுடுகிற, எங்கள் ஊட்டிச் சரக்கு. 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. கையில் எடுத்தால் மொறமொறவென்று உதிரும். சூடான டீயில் முக்கி ஐந்து எண்ணினால் மடிப்பு மடிப்பாக டீயைக் குடித்து வீங்கி, வாயில் வைத்ததும் மெல்லவே வேண்டாம், தானாகக் கரைந்து இறங்கிவிடும். அந்த இறங்குவதில்தான் வினை. டயட்டீஷியன் இதை "வழுக்கிப் போற சாப்பாடு" என்றார். கோழித் துண்டு, முட்டை, சுண்டல் மாதிரி கெட்டியானது அந்தக் குழாயில் தங்கும், நிரம்பிவிட்டது என்று சொல்லும். நனைத்த வர்க்கி, சாறில் ஊறின பரோட்டா, பிஸ்கட், ஐஸ்கிரீம் இதெல்லாம் நின்று பேசாமல் போய்விடும். நிரம்பினால்தானே ஆபரேஷனுக்கு வேலை? "வயிறு விரிஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் விரிவது உண்டுதானாம். "ஆனா உங்க வயிறு கோழி ரெண்டு துண்டுலயே நிறுத்துதே அண்ணா, நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்கதான் அதுக்கு வேலை குடுக்கறதில்ல" என்றார்.

இதை யாராவது முதல் வருஷமே என் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்பினேன். வந்து பழைய ஃபைலைத் திறந்தால், டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கொடுத்த தாளில் இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தும் பி12உம் கீழே கிடந்தன. ராத்திரி கிளட்ச்சை மிதிக்கும்போது பாதத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருந்ததை நான் குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும், நடுவில் நிறுத்தவே கூடாது. அதிலும் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை போட்டதும் டீ குடித்தால் அதை டீயே பாதி தடுத்துவிடும். தேயிலைக் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்கிற விஷயமா இது!

சரி, எப்படித் திரும்பினேன் என்று சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் பல்லைப் பிடுங்குகிற வேலை.

முதலில் தட்டில் எதைத் தொடுவது என்பது. புரதம் முதலில், காய் அடுத்து, சோறு இடம் இருந்தால். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று இலக்கு. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், கோழி 100 கிராமுக்கு 25 என்று எனக்கு இப்போது டீசல் விலை மாதிரி மனப்பாடம். கிளம்பும் முன் இரண்டு முட்டை, வழியில் அரை கப் சுண்டல், மத்தியானம் கோழி அல்லது மீன், தயிர், படுக்கும் முன் பால். 60ஐத் தொடுகிற நாளும் உண்டு, தொடாத நாளும் உண்டு.

சுண்டலில் ஒரு பாடம் படித்தேன். எங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சமவெளியில் வேகிற நேரத்தில் இங்கே கொண்டைக்கடலை வேகாது. பொதுவாக நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, கொஞ்சம் கடிபட்டாலும் தின்றுவிடுவோம். இந்த வயிறு விடாது. முதல் நாள் நாலு கடலையை அவசரமாக விழுங்கிவிட்டு மரப்பாலம் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி வந்தது, சாப்பிட்டது வரவில்லை, உள்ளேயும் போகவில்லை. கூட வந்த பையன் "அண்ணா, தண்ணி குடிங்க" என்கிறான், அதுதான் செய்யவே கூடாது. அன்றிலிருந்து குக்கரில் மூன்று விசில் கூடுதல், ஒரு வாய்க்கு இருபது இருபத்தைந்து தடவை மெல்லுவது. ஒரு முட்டை தின்னப் பத்து நிமிஷம் ஆகிறது. கேரட் ஏற்றுகிற தோட்டத்து அண்ணன் ஒருவர், படுகர், அவர் வீட்டில் அவரைப் பருப்பைக் குழையக் குழைய வேகவைத்துக் குழம்பு வைப்பார்கள். என் கதையைக் கேட்டதிலிருந்து எனக்கு என்று ஒரு கிண்ணம் கெட்டியாக எடுத்துவைக்கிறார்கள், சோறு இல்லாமல். வெட்கப்படாமல் வாங்கித் தின்கிறேன்.

அடுத்தது தண்ணீர். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். குடித்தால் உள்ளே நிற்கிற கெட்டிச் சாப்பாட்டையும் அடித்துக்கொண்டு போய்விடும், மறுபடி வர்க்கி கதைதான். ஆனால் இந்தக் குளிரில் தாகமும் எடுக்காது. அதனால் நாள் முழுக்கக் குடிக்கவில்லை என்பதே தெரியாது, மலச்சிக்கலும் தலைவலியும் வந்து சொல்லும். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்கத் தடை என்பதால் ஸ்டீல் ஃபிளாஸ்க் ஏற்கெனவே வண்டியில் இருந்தது, அதில் இருந்ததுதான் டீ. இப்போது சீரகத் தண்ணீர், சூடாக. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் ஒரு மடக்கு. பதினாலு வளைவு, பதினாலு மடக்கு.

டீயை விடவில்லை. விடச் சொன்னால் நான் இந்த ஊரில் இருக்க முடியாது. எட்டு மூன்றாகியிருக்கிறது, சர்க்கரை அரை ஸ்பூன், மாத்திரைக்கு ரொம்பத் தள்ளி.

ரொம்பக் கஷ்டம் எது என்றால் நேரம். எல்லா டயட் தாளும் காலை, மதியம், இரவு என்று போட்டிருக்கும். எனக்கு எது காலை? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்தவனுக்கு அதுதான் காலை என்று டயட்டீஷியன் தாளையே திருப்பி எழுதினார். 12, 4, 10, சாயங்காலம் 5, நாலு வேளை, நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் கொறிக்கிறதுதான் 13 கிலோ.

சறுக்கலும் உண்டு. பலாப்பழ சீசனில் பர்லியாருக்குக் கீழே யானை இறங்கி ரோட்டில் நின்றது. ஒன்றரை மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம், பயம், குளிர், கூட வந்த பையனிடம் ஒரு ரஸ்க் பாக்கெட். யானை போனபோது பாக்கெட் காலி. முன்பானால் அதோடு அந்த வாரமே போயிருக்கும், 'கெட்டது கெட்டுப்போச்சு' என்று. அன்றைக்கு நோட்டில் 'ரஸ்க் 7, யானை' என்று எழுதிவிட்டு நாலு மணிக்கு முட்டையைத் தின்றேன். டயட்டீஷியன் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

எட்டு மாதம் ஆகிறது. 101 இப்போது 94, ஸ்வெட்டர் இல்லாமல். 88க்குத் திரும்புவேனா என்று கேட்டேன், "சர்க்கரையும் தூக்கமும் நல்லா இருக்கான்னு பாருங்க, நம்பரை அப்புறம் பேசலாம்" என்றார்கள். பாதத்தில் குத்துவது பி12 ஊசிக்குப் பிறகு குறைந்திருக்கிறது. இது என் வயிற்றுக் கதை. இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குக் கணக்கு வேறு, உங்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னை மாதிரி வெட்கப்பட்டு இரண்டு வருஷம் ஓட்டாதீர்கள்.

லாரி விஷயம் கேட்டால், மனைவி "மல்லாக்கப் படுத்தா மட்டும் ஓடுது" என்கிறாள்.

நேற்றைய பக்கத்தில் ஒரு வர்க்கி இருக்கிறது. பர்லியார், 3.10. நனைக்காமல் தின்றேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை, மீதியை அந்தப் பையன் தின்றான்.