காந்தி சேதுவில் நட்டுக்காக அலைந்த நான்கு நாள்

பாட்னாவையும் ஹாஜிப்பூரையும் இணைக்கும் மகாத்மா காந்தி சேதுவின் மேல்கட்டுமானத்தை (தூண்களுக்கு மேலே வண்டி ஓடும் பகுதியை) மாற்றும் வேலையில் நானும் இருந்தேன். கங்கைமேல் 5.575 கிலோமீட்டர், 1982-ல் திறந்த கான்கிரீட் பாலம். தூண்களிலிருந்து நீளும் கைகள், இரண்டு தூண்களுக்கு நடுவே கீல் போட்டுச் சேரும். அந்தக் கீல்கள்தான் தொய்ந்துபோயின. தூணையும் அடித்தளத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே எஃகு டிரஸ், அதாவது முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய சட்டம். ஒரு பக்கத்தில் வண்டிகள் ஓட ஓட மறுபக்கத்தைப் பிரித்தோம். அதெல்லாம் நல்லபடியாகவே போனது.

படுத்தியது நட்டுதான்.

டிரஸ்ஸை இணைக்கும் போல்ட், நட்டு, வாஷரோடு மாலையில் லாரி வந்தது. காத்திருப்புக் கூலி ஏறுமே என்று உடனே இறக்கிவிட்டோம். காலையில் பார்த்தால் போல்ட்டும் வாஷரும் சரி, நட்டுப் பைகளில் இருந்த லாட் நம்பர் (ஒரே தொகுப்பில் செய்தவற்றுக்கான எண்) வேறு, டெஸ்ட் சர்டிபிகேட்டில் இருந்தது வேறு. ஆய்வாளர் முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். டிரஸ்ஸின் துண்டுகள் சேரும் ஒரு முடிச்சில் எத்தனையோ போல்ட். அவற்றின் இறுக்கத்தில்தான் மொத்தச் சுமையும் நிற்கிறது.

சப்ளையர் சரியான சர்டிபிகேட்டை ஸ்கேன் செய்து அனுப்பினார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அதைக் கொடுக்க பாட்னா பக்க அலுவலகத்துக்குக் கிளம்பினேன். இரண்டு திசை வண்டியும் ஒரே பக்கத்தில், நடுவில் ஒரு லாரி வேறு பழுதாகி நின்றுவிட்டது. ஆறு கிலோமீட்டர்கூட இல்லாத பாலத்தைக் கடக்க மூன்று மணி நேரம். அங்கே இருந்த எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஒரிஜினல் கொண்டு வாருங்கள், சீல் வேண்டும்" என்றார். மறுபடி அதே நெரிசல். மூன்றாம் நாள் கூரியரில் ஒரிஜினல் வந்தது, அதே பழைய தப்பான லாட்டுக்கு! அழுகையே வந்துவிட்டது. மழைக்காலம் நெருங்குகிறது, ஆற்றில் நீர் ஏறினால் வேலையே மாறிவிடும்.

அப்புறம் ஆய்வாளரிடமே போய்க் கேட்டேன்: "சார், ஒவ்வொரு லாட்டிலும் சில நட்டுகளை நீங்களே எடுங்கள், உங்கள் முன்னால் சோதிக்கிறோம்." ஒப்புக்கொண்டார். நான்காம் நாள் லேபில், எடுத்த எல்லா நட்டும் தேறியது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லாரியின் தார்ப்பாயை அவிழ்த்ததும் பையையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அதற்கு அப்புறம் இறக்குங்கள். பைகளை மழையில் விடாதீர்கள். மரையில் துரு ஏறினால் முறுக்கெல்லாம் உராய்வுக்கே போய்விடும். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், ஆனால் போல்ட்டில் வேண்டிய இழுவிசை இருக்காது.

மேற்குப் பக்கம் 2020 ஜூலை 31-ல் திறந்தது. கிழக்குப் பக்கத்துக்கு வந்த லாரிகளில், லாட் நம்பர் பார்க்காமல் ஒரு பையைக்கூட நான் இறக்கவிடவில்லை.