பதினேழாம் வரிசை

24.9.2024, செவ்வாய்
கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டில் எழுத இன்னும் ஒரு வாரம்தான். அக்டோபர் 1 முதல் பார்க்க மட்டும்; டிசம்பர் 31-க்குப் பிறகு அதுவும் கிடையாது. பிடிஎஃப் ஆக இறக்கினால் பலகை முழுக்க ஒரே கோப்பில் வருகிறது. ஆனால் ஒட்டுத்தாள்கள் படத்தோடு படமாக உறைந்துவிடுகின்றன. பத்துப் பத்தாக நகர்த்திச் சேர்க்கிற பயிற்சிக்கு அசையாத படம் எதற்கு?

26.9.2024
பிள்ளைகளின் கற்றல் நிலை எழுதும் கூகுள் ஷீட்ஸ் தாளில் பதினேழாம் வரிசை காலி.

28.9.2024, சனி
எல்லாம் கூகுள் ஸ்லைட்ஸுக்கு மாறுகிறது. ஒரு குழுவுக்கு ஒரு ஸ்லைடு. பத்துக் கட்டத்தை (எண்ணிப் பழக, ஐந்தைந்தாக இரண்டு வரிசை) சாதாரணப் படமாகச் சேர்க்கவே கூடாது. பிள்ளை விரல் வைத்ததும் கட்டமே கையோடு வந்துவிடும். கணினியில் ஸ்லைடின் பின்னணிப் படமாக வைத்துவிட்டால் அசையாது. மேலே புளியங்கொட்டைப் படம் இருபது, தனித்தனியாக. முதலில் கையில் நிஜப் புளியங்கொட்டை, அப்புறம்தான் திரை. இதை யாரும் மாற்றிச் செய்துவிடக் கூடாது.

3.10.2024
வாரத் திட்டத் தாள் பத்தமடை, முக்கூடல், சேரன்மகாதேவி மூன்று ஊர்ப் பள்ளிகளுக்கும் பொது. பாடம், அரும்பு, மொட்டு, மலர் (கற்றல் நிலைகள், கீழிருந்து மேலாக), துணைக்கருவி. கடைசியில் 'வகுப்பில் என்ன நடந்தது'. அந்தக் கடைசிப் பத்தி (நெடுவரிசை) நிரம்பாவிட்டால் இது வெறும் பாடக்குறிப்பு நோட்டுதான்.

8.10.2024, செவ்வாய்
நிலைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து யாரோ அகரவரிசைப்படுத்திவிட்டார்கள். வரிசை எண் நின்ற இடத்தில் நிற்கிறது, நிலை மட்டும் இடம் மாறிவிட்டது. அரும்பில் இருந்த பிள்ளைகள் மலரில்.

"நான் தொடவேயில்ல டீச்சர், அதுவா மாறிட்டு."

பழைய பதிப்பை அப்படியே மீட்டால் அதற்குப் பிறகு முக்கூடலில் எழுதியதெல்லாம் போய்விடும். பதிப்பு வரலாற்றில், நிலை இடம் மாறுவதற்கு முந்தைய 9.40 மணிப் பதிப்பைத் தனி நகலாக எடுத்து, அந்த ஒரு பத்தியை மட்டும் ஒட்டியதில் சரியானது. இனி எண் பத்திக்கும் நிலைப் பத்திக்கும் பூட்டு. அந்தந்த வகுப்பாசிரியர் மட்டும் திருத்தலாம். வரிசைப்படுத்திப் பார்க்க விரும்புபவர்களுக்கு வடிகட்டிக் காட்சி இருக்கிறது, அது மற்றவர் திரையைத் தொடாது.

பெயர்களையும் எடுத்தாயிற்று, எண் போதும். இணைப்பு கிடைத்தவர் எல்லாம் திறக்கலாம் என்ற அமைப்பில் எந்தப் பிள்ளை அரும்பு என்று ஊரே படிக்க வேண்டாம். கூடவே, மின்னஞ்சல் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றியாயிற்று.

17.10.2024
மழை. சிக்னல் இல்லை. ஆஃப்லைன் வசதியை நெட் இருக்கும்போதே போட்டு வைத்தவர்களுக்குத்தான் இன்று தாள் திறந்தது. ஒரே கட்டத்தில் இருவர் எழுதினால் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததுதான் நிற்கும். அதனால் பள்ளிக்கு ஒரு தனித் தாள்.

5.11.2024
தீபாவளி முடிந்தும் பதினேழு காலி. ஓரத்துக் குறிப்பில் ஒரே சொல்: 'வரல'.

12.11.2024
பழைய எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்பை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

13.11.2024
பதினேழு. காலி.

4.12.2024, புதன்
காலை 10.12-க்கு அந்தக் கட்டத்தில் 'அரும்பு' என்று விழுந்தது. வகுப்பாசிரியர் கணக்கிலிருந்துதான், திருத்த வரலாற்றில் இருமுறை பார்த்தாயிற்று. மூன்றாம் குழு ஸ்லைடில் கொட்டை இருபது வேண்டாம், பத்து போதும்.